சோற்றில் மறைத்த பூசணி

செப்டம்பர் 27, சனி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு இதெல்லாம் வேண்டும். என் மகள் இதழினியின் பள்ளியில் ஹாலோவீன் திருவிழாவுக்கான கூட்டம் என்று போனேன். "அன்னிக்கு மழை வந்தா என்ன செய்வீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எல்லாரும் கைதட்டி, நிகழ்ச்சிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த அமெரிக்கச் சிற்றூருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. தையல்நாயகி என்ற என் பெயரை 'நயா' என்று வெட்டிவிட்டார்கள். வேலை வாங்கும்போது மட்டும் அந்த நயாவை எவ்வளவு அழகாக இழுத்துக் கூப்பிடுகிறார்கள்!

திருவிழா அடுத்த மாதம் 25ஆம் தேதி, தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில். நடத்துவது மூன்று கூட்டம். தேவாலயத்துப் பாஸ்டர் ஹோல்ட்டுக்கு ஹாலோவீன் என்ற சொல்லே ஆகாது, அறுவடை விழா என்றுதான் போட வேண்டுமாம். பள்ளிக்காரர்களுக்கு முகமூடியில் ரத்தம் கூடாது. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஃப்ரெட்டுக்கு ஏழு மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஆக, பேயில்லாமல், ரத்தமில்லாமல், சத்தமில்லாமல் ஒரு பேய்த் திருவிழாவை நான் நடத்த வேண்டும்.

கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் வெர்னா. இதழினி போகும் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சிரித்தால் ஜன்னல் அதிரும். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வருடாவருடம் பேய்வீடு போடுவது அவள்தான். போன வருடம் ரத்தம் அதிகம் என்று பாஸ்டர் பாதியில் மூடிவிட்டாராம், இருவருக்கும் பெரிய சண்டையாம். அதையும் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

செப்டம்பர் 29, திங்கள்

வெர்னாவின் கொட்டகைக்குப் போய்த் திருவிழாப் பூசணிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். நம் ஊர்ப் பூசணி இல்லை, ஆரஞ்சு நிறத்தில் குண்டு குண்டாக இருந்தன. விழாவில் பூசணி விற்க வரும் கடைக்காரனுடையதோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் நீலப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். கிளம்பும்போது ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தாள். "உன் பொண்ணுக்கு. மத்தவங்க கேட்டா திருடினேன்னு சொல்லு" என்றாள். (இங்கே எல்லாரும் பேசுவது இங்கிலீஷ். எனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் எழுதுகிறேன்.)

இதழினி இந்த வருடம் பேருந்து ஓட்டுநர் வேஷம் போடப் போகிறாளாம். மஞ்சள் தொப்பி வேண்டுமாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. போன வாரம் வாங்கிய வேனுக்கு இன்றுதான் பூஜை. எலுமிச்சம்பழம், சந்தனம், பொட்டு எல்லாம் ஆயிற்று. திருஷ்டி கழிக்க வெள்ளைப் பூசணிக்கு இந்தியக் கடை வரை ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். "எந்தப் பூசணியா இருந்தா என்ன, திருஷ்டிக்கு நிறம் தெரியுமா?" என்று என் வீட்டுக்காரர் வெர்னா கொடுத்ததையே எடுத்தார். மேலே ஓட்டை போட்டு, குங்குமமும் நாலைந்து சில்லறையும் போட்டு மூடினோம்.

வீட்டு வாசலில் உடைத்தால் ஃப்ரெட்டின் சங்கம் அபராதம் போடும். அதனால் விடிவதற்கு முன்னால் தேவாலயத்துப் பக்கத்து நாற்சந்திக்குப் போனோம். வேனைச் சுற்றி, கற்பூரம் ஏற்றி, ஓங்கி உடைத்தார். துண்டுகளைப் பொறுக்கிவிடலாம் என்றேன்.

"திருஷ்டி உடைச்சா திரும்பிப் பாக்காம வரணும் நாயகி. பொறுக்குறதாவது!"

அதுவும் சரிதான். வழக்கம் என்றால் வழக்கம். இதழினி பின்சீட்டில் போர்வையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இனி வண்டிக்கு ஒரு குறையும் வராது.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று பகலெல்லாம் தூறல். இன்று மதியம் குடியிருப்பின் ஃபோன் குழுவில் ஃப்ரெட் ஒரு படம் போட்டார். சிதறிக் கிடக்கும் பூசணி, சுற்றிலும் சிவப்பு. மழையில் கரைந்து தேவாலயத்தின் பெயர்ப்பலகைக் கல் வரை ஓடியிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "ரத்தம் ஊற்றியிருக்கிறார்கள். காசும் போட்டிருக்கிறார்கள். யாரோ நம் தேவாலயத்தை மிரட்டுகிறார்கள்."

முதலில் நானும் ஐயோ என்றேன். யார் இந்தக் காரியம் செய்தது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் போட்ட கால் டாலர் தெரிந்தது.

வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன். "இப்பவே அது குங்குமம்னு எழுதிப் போட்டுடவா?" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? போலீசுக்குச் சொல்லிட்டானாம் அந்த ஃப்ரெட். கிரீன் கார்டு கடைசிக் கட்டத்துல இருக்கு. சர்ச்சு வாசல்ல சூனியம் வச்சவன்னு பேர் எழுதிட்டா அப்புறம் யார் அழிக்கிறது? நாலு நாள் சும்மா இரு, மறந்துடுவாங்க."

நாலு நாள்தானே.

அக்டோபர் 4, சனி

அவசரக் கூட்டம் போட்டார்கள். பாஸ்டர் ஜெபத்தோடு ஆரம்பித்தார். சாத்தான் வழிபாடு என்றாள் ஒருத்தி. இந்த வருடம் திருவிழாவே வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. ஃப்ரெட் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பூசணியின் அடித்துண்டு, அதில் நீலப் பெருக்கல் குறி.

நான் கையிலிருந்த நிகழ்ச்சிப் பட்டியலைக் குனிந்து பார்த்தேன்.

"அது என் பூசணிதான். குறி நான் போட்டது" என்றாள் வெர்னா.

"யார் எடுத்தது?"

"கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. யார் வேணாலும் எடுத்திருக்கலாம்."

போன வருடத்துச் சண்டையை ஒருவர் நினைவுபடுத்தினார். அவள் காரில் நாடக ரத்தம் டப்பா டப்பாவாக இருப்பதைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். பேய்வீட்டுக்குத்தான் என்று வெர்னா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் திருவிழா நடக்கும், பேய்வீடு கிடையாது என்று முடிவாயிற்று.

வெர்னா என் பக்கம் பார்க்கவே இல்லை. அவ்வளவு பூசணியில் ஒன்றை யாரிடம் கொடுத்தோம் என்று அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது. நான் பொய் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பேருந்தில் வேறு ஓட்டுநர். விசாரணை முடியும்வரை வெர்னா வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்களாம். அந்தத் தாள் என்னிடமும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. இதை எழுதும்போதே ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி எழுதுகிறேன், தூ.

பந்து எறியும் விளையாட்டுக்குப் பன்னிரண்டு தகர டப்பா வேண்டும். ஆப்பிள் சாறு யார் கொண்டுவருவது என்று இன்னும் முடிவாகவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வெர்னாவின் வீட்டுக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்டை ஊற்றியிருக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தோசை சாப்பிட்டுக்கொண்டே இதழினி கேட்டாள். "அம்மா, நம்ம வேனுக்கு அப்பா உடைச்சாங்கள்ல, அதுதானே அது?"

தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தோமே! அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லக் கூடாது. டீச்சர்கிட்ட, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, யாருகிட்டயும். கேட்டா, எங்க வீட்டுல பூசணிக்காயே வாங்கலன்னு சொல்லணும். புரியுதா?"

"மிஸ் வெர்னா கேட்டா?"

அவளிடமும்தான் என்றேன். எட்டு வயதுக் குழந்தை தலையாட்டிய வேகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மிச்ச தோசையை அவள் சாப்பிடவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் பற்றி ஊரில் எத்தனை தடவை கேலி பேசியிருப்பேன். நான் மறைத்தது போதாதென்று குழந்தைக்கும் ஒரு பிடி சோறு கொடுத்து, நீயும் மூடு என்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் அழைப்புமணி அடித்தது. திறந்தால் ஃப்ரெட். இடுப்பில் துப்பாக்கி இருந்தது. இங்கே அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று தெரியும். தெரிந்து என்ன, என் கண் அதைவிட்டு நகரவில்லை.

நாற்சந்தியில் கேமரா வைத்துவிட்டாராம். இரவில் நான்கு பேர் முறை வைத்து ரோந்து போகிறார்களாம். "ஒண்ணாம் தேதி காலைல ஏதாவது பாத்தீங்களா? சின்னது எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்லையே, நாங்க தூங்கிட்டு இருந்தோம்" என்றேன். கேட்கிறவரைக்கும் பொய் சொல்லவில்லை என்ற பெருமையும் அதோடு போயிற்று.

"நீங்க நல்ல குடும்பம். பொண்ணைத் தனியா வெளிய விடாதீங்க" என்றார். படியிறங்கிப் போனவர் நின்று, எங்கள் வேனைப் பார்த்தார். "புது வண்டியா? நல்லா இருக்கு."

கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இரக்கத்தோடுதான் பேசினார். யாரையோ தேடுகிற அந்த இரக்கம் நாளை என்னைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

அக்டோபர் 18, சனி

இதழினி மூன்றாவது தடவையாகப் படுக்கையை நனைத்தாள். பேருந்து ஓட்டுநர் வேஷம் வேண்டாமாம். வேறு என்ன வேஷம் என்றால், ஒன்றுமே வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வாசலில் விளக்கு வைக்கவில்லை. "எதுக்கு வம்பு?" என்றார் அவர். திரையை இழுத்துவிட்டு, குளியலறைத் தொட்டி விளிம்பில் நாலு அகலை ஏற்றினோம். எண்ணெய் வாசம் வெளியே போகுமோ என்று ஜன்னலையும் சாத்தினேன். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் அழைத்து, "என்னடி, முகமெல்லாம் இருண்டு கிடக்கு?" என்றாள். கரண்ட் போய்விட்டது என்றேன். எனக்குப் பொய் இப்போது நன்றாகவே வருகிறது.

அக்டோபர் 23, வியாழன்

இன்று வெர்னா வீட்டுக்குப் போனேன். திருவிழாப் பூசணிகளை எப்போது எடுத்துக்கொள்வது என்று கேட்கத்தான் போனேன். இல்லை, அதற்கில்லை. எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும்.

கதவைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தாள். கைப்பிடிக்குக் கீழே இன்னும் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"வெர்னா, அந்தப் பூசணி..."

"தெரியும்."

"எது தெரியும்?"

"கையால எடுத்து ஒருத்திக்குத்தான் ஒண்ணு கொடுத்தேன். அந்தத் துண்டை அவன் தூக்கிக் காட்டினப்பவே தெரியும், நயா."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம் ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னை இவங்களுக்கு முப்பது வருஷமாத் தெரியும். முறைப்பாங்க, பேசுவாங்க, கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒதுக்கி வைப்பாங்க. நான் தாங்குவேன். அந்த ரூம்ல ஃப்ரெட் யாரைப் பிடிக்கலாம்னு தேடிட்டு இருந்தான். அவன் கண் உன் பக்கம் திரும்ப நான் விடல. நீ என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. கெட்டது செஞ்சிருக்க மாட்டேன்னு மட்டும் தெரியும்."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் முகம் இளகவில்லை.

"அழாதே. எனக்குக் கோபம் வருது. நீயா வந்து சொல்லுவேன்னு தினம் ஜன்னல்ல நின்னு பாத்தேன். என் கதவுல பெயின்ட் ஊத்தினாங்க. நீ வரல. உங்க வேன் ரெண்டு தடவை இந்தப் பக்கம் போச்சு, நிக்கல. இப்ப பஸ்ஸையும் எடுத்துடுவாங்க போல. திங்கக்கிழமை முடிவு பண்றாங்க."

வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று ஏதோ மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "உன் பொண்ணு எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அதுவும் பொய்.

அக்டோபர் 24, வெள்ளி

அவரிடம் சொன்னேன், நாளைக்கு மைக்கில் சொல்லப் போகிறேன் என்று. மூன்று கூட்டமும் ஒன்றாகக் கூடுகிற இடம் அது ஒன்றுதான். ஒருவரிடம் சொன்னால் பத்துக் கதையாகும்.

கத்தினார். துப்பாக்கி வைத்திருக்கிறான், தெரியுமா என்றார். அமெரிக்கா வந்ததிலிருந்து ஏழு வருடக் காத்திருப்பு என்றார். அத்தனையும் உண்மை. எனக்கும் அதே பயம்தான், அவரைவிட ஒரு படி அதிகம்.

"இதழ் ராத்திரி தூக்கத்துல என்ன சொல்றா தெரியுமாங்க? 'எங்க வீட்டுல பூசணிக்காயே வாங்கல'ன்னு சொல்றா."

அவர் எழுந்து போய் இதழினியின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "உடைச்சது நான். நீ ஏன் தனியாச் சொல்லணும்?" என்றார்.

நாளைக்கு மழை இல்லையாம். என் கேள்விக்கு அந்த வகையில் பதில் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

மூன்று மணிக்குத் திருவிழா தொடங்கியது. வைக்கோல் கட்டுகள், பந்து எறிதல், ஆப்பிள் சாறு எல்லாம் நினைத்தபடி நடந்தன. எலும்புக்கூடும் சூனியக்காரியும் இளவரசியுமாகப் பிள்ளைகள் ஓடினார்கள். பேய்வீடு எங்கே, பேய்வீடு எங்கே என்று என்னிடமே வந்து கேட்டார்கள். இதழினியிடம் காலையிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டோம். பேசாமல் போய்ப் பெட்டியிலிருந்து மஞ்சள் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

வெர்னாவின் வண்டி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. இறங்கவில்லை.

ஐந்து மணிக்குப் பரிசு அறிவிப்பு. மைக்கை எடுத்தேன். மைக் பல்லில் இடித்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றார், இதழினி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாற்சந்தியில பூசணி உடைச்சது நாங்க. வெர்னா இல்ல" என்றேன்.

சிரித்தார்கள். ஹாலோவீன் வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். அதைவிடப் பயங்கரமான ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மறுபடியும் சொன்னேன். புது வண்டி வாங்கினால் எங்கள் ஊரில் செய்வது, யார் கண்ணும் படக் கூடாது என்று உடைப்பது, திரும்பிப் பார்க்காமல் வருவது எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டோம், எங்களுக்காக வெர்னா பேச்சு வாங்கினாள் என்றேன். கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த ரத்தம் இதுதான்."

ஃப்ரெட்டின் கை இடுப்புப் பக்கம் போய், அங்கேயே நின்றது. அப்படி அவர் நினைத்துச் செய்தாரா, பழக்கமா, தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வெர்னாவின் வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பள்ளி முதல்வர் அவர் பின்னால் ஓடினார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழ்த்தளத்துச் சாவிக்கொத்தோடு வெர்னா இறங்கி வந்தாள், பிள்ளைகள் 'ஓ'வென்று கத்திக்கொண்டு அவள் பின்னால் வரிசை கட்டினார்கள்.

என்னிடம் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். "எங்க கிட்ட வந்து சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் ஃப்ரெட். அவர் குரலில் இரக்கம் இல்லை.

"வா, கிளம்பலாம்" என்றார் என் வீட்டுக்காரர். வேனில் ஏறும் முன் திரும்பிப் பார்த்தேன். ஃப்ரெட் எங்கள் வண்டி எண்ணை ஃபோனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கண்ணும் படக் கூடாது என்று உடைத்தோம்.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு இரவாகப் படுக்கை நனையவில்லை. எனக்குத்தான் தூக்கம் இல்லை, கார் போகிற சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் இன்று இதழினி மட்டும்தான். மற்றப் பிள்ளைகளை அவரவர் பெற்றோரே காரில் கொண்டுபோய் விட்டார்கள் போலிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஃப்ரெட்டின் கார், உள்ளே அவர்.

பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இடத்தில் வெர்னா. இன்றைய முடிவுக்குக் காத்திராமல் பள்ளி முதல்வர் நேற்றே அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டாராம். இதழினியின் மஞ்சள் தொப்பியைப் பார்த்து, "என் வேலைக்கே போட்டியா?" என்று ஜன்னல் அதிரச் சிரித்தாள். குழந்தை துள்ளி ஏறினாள். நான் கையைத் தூக்கினேன். வெர்னா என்னைப் பார்க்காமலே கதவை மூடினாள்.

பேருந்து திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். ஃப்ரெட்டின் கார் இன்னும் அங்கேயே நின்றது. நிற்கட்டும். நாளைக்கும் இங்கேதான் வருவேன்.